வலை கழுவிய திருவிழா

ஹம்சவேணிக்கு ஆகாயத்தாமரைமேல் இருந்த கோபம் நாத்தனார்மேல்கூட இருந்ததில்லை. நாத்தனார் தீபாவளிக்கு வந்தால் ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவாள். ஆகாயத்தாமரை வந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதே இல்லை. பார்ப்பதற்கு என்னவோ ஊதாப் பூவும் பளபளக்கும் இலையுமாக லட்சணமாகத்தான் இருக்கும். கண்மாயில் ஒரு செடி விழுந்தால் போயிற்று, அடுத்த மழைக்குள் பாய் விரித்த மாதிரி கரையிலிருந்து கரைவரை மூடிவிடும். கீழே வெயில் போகாது, காற்றுப் போகாது. மீன் மூச்சுத் திணறிச் சாகும். கொசு மட்டும் குடும்பம் குடும்பமாகச் செழிக்கும்.

பசுமலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வீடு பழங்காநத்தத்தில். இனிமேல் கோயில் குளம் என்று இருப்பாள் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். கோயிலுக்குப் போனாளோ இல்லையோ, குளத்துக்குப் போனாள். அவளிடம் படித்த தாமரைச்செல்வி என்ற பெண் ஒரு கூட்டம் சேர்த்து வைத்திருந்தாள். பாங்கில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், இரண்டு ஆட்டோ டிரைவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கண்மாயில் இறங்கி ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் போடுவார்கள். ஹம்சவேணி டிராக் பேண்டும் கணவரின் பழைய சட்டையும் மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு முதல் ஆளாக நிற்பாள். அந்த விசில் இல்லாமல் அவளால் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தமுடியாது. பழக்கம்.

பிடுங்குவதெல்லாம் சரிதான். பிடுங்கின இடத்தில் திரும்ப வருகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு நாள் களைத்துப்போய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது தாமரைச்செல்வி சொன்னாள்.

"மிஸ், அது வளர்றதுகூடப் பெருசில்ல. ஊர் ஊராப் போகுது பாருங்க, அதத்தான் தடுக்கணும். இந்தக் கண்மாயில மீன் பிடிச்ச வலைய அப்படியே சுருட்டிக் கொண்டுபோயி அடுத்த கண்மாயில வீசுறாங்க. வலைக்கண்ணுல ஒரு துண்டு வேரு மாட்டியிருந்தாப் போதும். சேத்துல விதை ஒட்டியிருந்தாக்கூடப் போதும்."

"அப்ப வலையைக் கழுவணும்."

"ஆமா மிஸ். ஆனா யாரு கழுவுவா?"

அதற்குப் பதில் தேட அவர்களுக்கு வெகுநாள் ஆகவில்லை. செக்கானூரணி தாண்டி, மேற்கே உள்ளே தள்ளி செம்பூரணி என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கண்மாயில் மட்டும் இன்னும் ஆகாயத்தாமரை நுழையவில்லை. அல்லியும் கோரையும் நீர்க்காக்கையுமாகப் பார்க்கவே ஆசையாக இருக்கும். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே சுத்தமான கண்மாய் அதுதான். அந்தக் கண்மாயில்தான் வைகாசியில் மீன்பிடித் திருவிழா என்று எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் செய்தி ஓடியது. 'அனைத்துக் கிராமத்தாரும் வலையுடன் வருக! வருக!' என்று இரண்டு வருக.

தாமரைச்செல்வி அதை இரண்டு தடவை படித்தாள். "அத்தன ஊர் வலையும் ஒரே நாள்ல வருது மிஸ்."

மறுநாளே இருவரும் செம்பூரணிக்குப் போனார்கள். கண்மாய்க்குப் பொறுப்பு பேயாண்டி என்பவர். அறுபது வயது, கிடா மீசை, தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. திருவிழா அன்று அய்யனாருக்குப் பூசை முடித்துவிட்டு அவர் கரையில் ஏறி அந்தத் துண்டை வீசினால்தான் யாரும் தண்ணீரில் கால் வைக்கலாம். அதற்கு முன்னால் ஒரு குஞ்சு மீனைத் தொட்டாலும் சாமிக்குத்தம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஏந்தாயி, விருந்துக்கு வாரவன வாசல்ல நிறுத்தி, மொதல்ல வாயக் கொப்புளிச்சுட்டு வாய்யாங்குற மாதிரியில்ல இருக்கு? வாரவன் கோவிச்சுக்கிற மாட்டானா?"

"கோவிச்சுக்கட்டும் ஐயா. அடுத்த வருஷம் விருந்து வைக்கக் கண்மாய் வேணும்ல?" என்றாள் ஹம்சவேணி.

பேயாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாமரைச்செல்வியிடம் திரும்பினார். "ஒம் பேரு தாமரை. நீயே தாமரைய வேணாங்குற. கலிகாலந்தான்." மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். "சரி. கழுவிக்கங்க. வேணாங்கல. எங்க ஊரு வலை வெளிய போனதில்ல, அத விட்ருங்க. வெளியூர்க்காரன் அம்புட்டுப் பேரும் ரோட்டுலருந்து கரைக்கு ஏறுற அந்த ஒத்தப் பாதையிலதான் வரணும். ரெண்டு பக்கமும் கருவேல முள்ளு. அங்கன நின்னு கழுவுங்க. ஆனா ஒண்ணு. நான் துண்ட வீசிட்டேன்னா அப்புறம் ஒருத்தனையும் மறிக்கக் கூடாது. அது இந்த ஊரு வழக்கம்."

"அதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றாள் ஹம்சவேணி, எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாமல்.

கையால் கழுவினால் ஒரு வலைக்குக் கால் மணி நேரம் ஆகும். பம்ப் வேண்டும். பம்ப் அவள் வீட்டிலேயே இருந்தது. அவள் கணவர் வெங்கடரமணன் பழங்காநத்தத்தில் வாட்டர் வாஷ் கடை வைத்திருந்தார். காருக்கும் பைக்குக்கும் பீய்ச்சியடித்துக் கழுவுகிற கடை. ஆனால் அவரைக் கேட்பதுதான் சங்கடம். மனிதர் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் மாற்றிவிடுவார். வாட்டர் வாஷ் கடைக்காரருக்கு இது எப்படிச் சாத்தியம் என்றால், அவர் கல்லாவில் உட்கார்ந்து பார்வையிடுவாரே தவிரக் குழாயைத் தொடமாட்டார். பரம சைவம் வேறு. மீன் மார்க்கெட் இருக்கிற தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள்.

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தாள். அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"மீன் வலையா? என் பம்ப்பிலயா?" வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அந்த மொழியில் அதிர்ச்சிக்கு என்னென்ன சொல் உண்டோ எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தார்.

"மீன் இருக்காது. வெறும் வலைதான். மீன் பிடிக்கிறதுக்கு முன்னால கழுவுறது."

"போன தடவை பிடிச்ச மீனோட வாசனை இருக்குமில்ல?"

"அதனாலதான் கழுவுறோம்."

இந்தத் தர்க்கத்தில் எங்கேயோ ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. "பம்ப்பைக் கொடுக்கிறேன். கூடவே நானும் வரேன். கண்டவங்க கைபட்டு மோட்டார் போச்சுன்னா?" என்றார் கடைசியில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மடக்கு நாற்காலி. இதுதான் திருவிழாவுக்கு அவர் கிளம்பிய கோலம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் செம்பூரணிப் பாதையில் எல்லாம் தயார். பேயாண்டி தன் போர்வெல்லில் தண்ணீர் பிடித்து டிராக்டர் டேங்கரை அனுப்பியிருந்தார். கரைக்கு வெளிப்பக்கச் சரிவில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். கழுவுகிற தண்ணீரும் குப்பையும் அதில்தான் விழவேண்டும், கண்மாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. தாமரைச்செல்வி ஒரு பேனர் கட்டியிருந்தாள். வெங்கடரமணன் வேப்பமர நிழல் பார்த்து நாற்காலியைப் போட்டு, கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட்டம் வந்தது. டாட்டா ஏஸிலும் டிராக்டரிலும் டிவிஎஸ் வண்டியிலும் வந்தது. ஒரே பைக்கில் மூன்று பேரும் ஒரு ஊத்தாவும் வந்தார்கள். ஊத்தா என்பது அடியில்லாத குச்சிக்கூடை, மீனை அப்படியே கவிழ்த்துப் பிடிக்க. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்தால் வேற்றுக் கிரகத்து ஆள் மாதிரி இருந்தது. ஆனால் ஒருவரும் நிற்கவில்லை. பேனரைப் பார்த்துவிட்டு வரி வசூல் என்று நினைத்து வேகம் கூட்டினார்கள்.

"அண்ணே, வலையக் கொஞ்சம் கழுவிட்டுப் போங்கண்ணே!"

"வீட்ல கழுவிட்டோம்த்தா!"

"மாப்ள, நிக்காத, ஏதோ கணக்கெடுக்குறாய்ங்க!"

அப்போதுதான் ஒச்சாயி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆள் நல்ல வாட்டசாட்டம். தோளில் பெரிய வலை, பின்னால் அவள் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஹம்சவேணி பாதையின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"எம் வலையில அழுக்கு இருக்குன்னு சொல்ல நீ யாருடி?" என்றாள் ஒச்சாயி. குரல் கண்மாயின் மறுகரைக்குக் கேட்டிருக்கும்.

ஹம்சவேணிக்கும் குரலில் குறைவில்லை. முப்பது வருஷம் மைதானத்தில் கத்திய தொண்டை. "அழுக்குன்னு சொல்லல. விரிச்சுக் காட்டுங்க. ஒண்ணும் இல்லேன்னா நானே தோள்ல தூக்கிட்டு வந்து கரையில வைக்கிறேன்."

ஒச்சாயி பந்தயத்துக்கு அஞ்சுகிறவள் அல்ல. வலையை உதறித் தரையில் விரித்தாள். இருவரும் குனிந்தார்கள். வலையின் ஓரத்தில், ஈயக் குண்டுக்குப் பக்கத்தில், நனைந்த பஞ்சு மாதிரி கறுப்பாகக் கொஞ்சம் வேர். அதன் நுனியில் கட்டைவிரல் அளவு, பச்சை மாறாமல், ஒரு குருத்து.

ஒச்சாயி அதைப் பிய்த்துக் கையில் வைத்துப் பார்த்தாள். 

"எங்க கண்மாயி இப்படித்தான் போச்சு" என்றாள் பிறகு. "மேல நடந்தே போயிரலாம்போல மூடிக் கெடக்கு. எங்க ஊர்ல மீன்புடித் திருவிழா நின்னு எம்புட்டு வருஷமாச்சு. அதான் அடுத்தவன் ஊருக்கு வலையத் தூக்கிக்கிட்டு அலையுறோம்." குருத்தை மறுபடியும் பார்த்தாள். "இத நானேவா தூக்கிட்டு வந்தேன்?"

"தெரியாமத்தானே" என்றாள் ஹம்சவேணி.

ஒச்சாயி வலையை அவள் கையில் திணித்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். பாதையின் குறுக்கே போய் இடுப்பில் கைவைத்து நின்று, வந்துகொண்டிருந்த டிராக்டரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "நிறுத்துறா வண்டிய! எறங்கு! எல்லாரும் வலைய எடு! கழுவாம எவனாச்சும் ஒரு எட்டு வச்சான், முட்டியப் பேத்துருவேன்!"

டிராக்டர் நின்றது. அதற்குப் பின்னால் வந்த அத்தனையும் நின்றன. முன்னாலேயே தாண்டிப் போனவர்களையும் அவள் ஊர்ப் பெண்கள் கரையிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தார்கள்.

பம்ப் உறுமியது. கல்லூரிப் பையன் ஒருவன் குழாயைப் பிடித்தான். தண்ணீர் சீறிக்கொண்டு போய் வலையில் அடிக்க, வேரும் சேறும் இலையும் பறந்து குழியில் விழுந்தன. எடுத்த எடுப்பில் குழியில் அரைக் கூடை ஆகாயத்தாமரை சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு யாரும் வீட்டில் கழுவியதாகச் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. வைகாசி வெயில், எட்டு மணிக்கே தலை பொரியும். வரிசையில் நின்ற ஒரு கிழவர் வலையை நீட்டிவிட்டு, "தம்பி, அப்படியே எம்மேலயும் ரெண்டு அடி அடி" என்றார். பையன் குழாயை மேலே திருப்பினான். பூத்தூறலாக விழுந்த தண்ணீரில் கிழவர் கையை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான். அதன்பிறகு வலை கழுவ வந்தவர்களைவிடத் தாங்கள் நனைய வந்தவர்கள் அதிகமானார்கள். ஏற்கெனவே கழுவிக் கரைக்குப் போனவர்கள் வலையை அங்கே வைத்துவிட்டு இரண்டாம் முறை வந்து நின்றார்கள். யாரோ ஒரு டாட்டா ஏஸில் பாட்டுப் பெட்டியைத் திருகிவிட, தப்பு மேளம் அடிக்கிறவர்களும் வந்து சேர, வரிசை ஆட ஆரம்பித்தது. பல் டாக்டர் ஒச்சாயியின் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கும்மி தட்டினார், தாளம் தப்பித் தப்பி.

இந்த அமளியில் குழாய் பிடித்த பையனுக்குக் கை சோர்ந்துவிட்டது. "சார், ஒரு நிமிஷம்" என்று பக்கத்தில் இருந்தவர் கையில் குழாயைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பக்கத்தில் இருந்தவர் வெங்கடரமணன்.

அவர் குழாயைப் பாம்பைப் பிடித்தமாதிரி பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. எதிரே ஒருவன் வலையை விரித்துப் பிடித்தபடி, "அடிங்கண்ணே, நேரமாச்சு" என்றான். அடித்தார். வலையிலிருந்து ஒரு பெரிய கொத்து பிய்த்துக்கொண்டு பறந்தது. கூட்டம் "ஓ" என்று கத்தியது. அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. அடுத்த வலை. இன்னொரு கொத்து. இன்னொரு "ஓ". ஹம்சவேணி திரும்பிப் பார்த்தபோது அவளுடைய கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, "அடுத்த ஆள்! வலையை விரிச்சுப் பிடி! இப்படியா பிடிப்பே? திருப்பு, திருப்பு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தி அவள் கேட்டதில்லை. நின்று ரசிக்க நேரமில்லை. கழுவி முடித்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகக் கரைமேல் ஆயிரம் பேர் அணிவகுத்துவிட்டார்கள். அய்யனார் கோயிலில் மணி அடித்துவிட்டது. பாதையில் இன்னும் பெரிய கூட்டம் கழுவாமல் நிற்கிறது. அதிலும் முண்டியடிப்பு. ஒருவன் ஊத்தா இன்னொருவன் தலையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஹம்சவேணிக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்காமல் விசிலை வாயில் வைத்தாள்.

"பீ... ப்!"

வரிசை நேரானது. அதே நேரத்தில் கரைமேல் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது.

ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை. பிறகு எவனோ ஒருவன், "டேய், விசிலடிச்சாச்சுடா!" என்றான். கரைமேல் நின்ற கூட்டம் அப்படியே சரிந்தது. ஆயிரம் பேர் ஒன்றாகத் தண்ணீருக்குள் குதித்த சத்தத்தில் கண்மாயில் இருந்த கொக்கும் நாரையும் மொத்தமாக எழும்பி வானத்தை மறைத்தன. பேயாண்டி அப்போதுதான் விபூதி பூசிய நெற்றியோடு கரைக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டில் பாதிதான் கைக்கு வந்திருந்தது. 

பாதையில் கழுவாமல் நின்ற கூட்டமும் கிளம்பிவிட்டது. எல்லோரும் இறங்கியாயிற்று, மீன் தீர்ந்துவிடும் என்ற பதற்றம். ஒச்சாயி இரண்டு பேர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள், இருபது பேர் அவளைத் தாண்டி ஓடினார்கள்.

"ஏங்க! பாதை! பாதையைப் பிடிங்க!" என்று சௌராஷ்டிரத்தில் கத்திவிட்டு ஹம்சவேணி கண்மாயை நோக்கி ஓடினாள். ஒரு காலத்தில் மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவள். முழங்கால் வலி என்று மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதை அந்த நேரத்தில் முழங்காலே மறந்துவிட்டது. கரையில் ஏறி, மறுபக்கம் சறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினாள். இரண்டு நீளம், ஒரு குட்டை. பிறகு கத்தினாள்.

"ஃபவுல் ஸ்டார்ட்! அம்புட்டுப் பேரும் கரைக்கு ஏறு! ஃபவுல்!"

பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்தச் சத்தம் உடம்பில் எங்கேயோ பதிந்துதான் இருக்கிறது. பாதிப் பேர் வலையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மீதிப் பேரைப் பேயாண்டி பார்த்துக்கொண்டார்.

"நான் துண்டே வீசலையேடா!" என்று மீசை துடிக்கக் கத்தினார். "சாமிக்குத்தம்டா! புடிச்ச மீன விடு! ஏறு மேல!"

சாமிக்குத்தம் என்றதும் ஆயிரம் பேரும் வலையை உதறிக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்கள் குதித்ததில் ஹம்சவேணிக்குக் கவலையில்லை. அவர்கள் எல்லாம் கழுவியவர்கள், இல்லையென்றால் உள்ளூர்க்காரர்கள். கழுவாதவர்கள் என்ன ஆனார்கள்? கரைமேல் ஏறிப் பாதையைப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் கருவேலமுள், நடுவில் ஒரு வண்டி அகலப் பாதை. பாதை கரைக்கு ஏறுகிற இடத்தில் வெங்கடரமணன் நின்றார். கையில் பம்ப்புக் குழாய். எதிரே நானூறு ஐந்நூறு பேர். ஓர் அடி முன்னால் வைத்தவனுக்கு முகத்தில் தண்ணீர். குனிந்து வந்தவனுக்கு முதுகில் தண்ணீர். இளவட்டங்கள் நான்கைந்து பேர் ஊத்தாவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சேர்ந்து வந்தார்கள். அவர் காலைப் பார்த்து அடித்தார். சேற்றில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள்.

"வலையை நீட்டு! கழுவிட்டுப் போ! கழுவாம ஒருத்தன் போகக்கூடாது!" என்று அவர் தமிழில் பாதி, சௌராஷ்டிரத்தில் பாதியாக முழங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒச்சாயி, முன்னாலிருந்து அவர், நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டம் வேறு வழியில்லாமல் வலையை உயர்த்திப் பிடித்தது. ஒரே வீச்சில் பத்துப் பன்னிரண்டு வலை. தாமரைச்செல்வியும் மற்றவர்களும் ஓடிவந்து ஒவ்வொரு வலையாக விரித்துப் பார்த்து மேலே அனுப்பினார்கள்.

பேயாண்டி இதையெல்லாம் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. மீசைக்குள்ளே சிரிப்பு.

"ஏன் டீச்சரம்மா, அந்த வெள்ளச்சட்டைக்காரரு யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"போலீசா இருந்தவரா?"

"இல்லைங்க. காரு கழுவுறவரு."

கடைசி வலையும் கழுவி மேலே வந்த பிறகுதான் பேயாண்டி துண்டை எடுத்தார். எடுத்தவர் ஹம்சவேணியைப் பார்த்தார். "விசில ஊதித் தொலைச்சிராத தாயி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உயர்த்திச் சுழற்றி வீசினார்.

இந்த முறை குதித்த குதியில் கண்மாயே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. கெண்டையும் கெளுத்தியும் வெள்ளிக்காசு மாதிரி துள்ளின. கத்தல், சிரிப்பு, சேறு. வெங்கடரமணன் குழாயை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கரை ஓரத்துக்கு வந்தார். அங்கேதான் தப்புச் செய்தார். ஈரச் சரிவில் செருப்பு வழுக்கியது. உட்கார்ந்த நிலையிலேயே சர்ரென்று சறுக்கிப்போய்த் தண்ணீரில் விழுந்தார். எழுந்து நின்றவர் முகத்தில் விசித்திரமான ஒரு பாவம். சட்டைக்குள்ளே ஏதோ அசைந்தது. வயிற்றுப் பக்கம் துள்ளியது. முதுகுப் பக்கம் போனது.

"வேணி! உள்ள ஏதோ இருக்கு! வேணி! கூசுது!"

கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஆடினார். சுற்றியிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒச்சாயி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து, "நில்லுங்கண்ணே, ஆடாம நில்லுங்க" என்று சட்டையை இடுப்பிலிருந்து உருவ, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து அவருடைய இரண்டு கைக்குள்ளேயே விழுந்தது. அவர் அனிச்சையாகப் பிடித்துக்கொண்டார்.

வாழ்நாளில் மீனைத் தொடாத மனிதர் விராலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அது அவரைப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார்.

"ரொம்பப் பலமா இருக்கே" என்றார், ஏதோ கைக்குழந்தையைப் பற்றிச் சொல்வது போல.

"வலையில்லாம விராலப் புடிச்ச மொத ஆளு நீங்கதாண்ணே!" என்று இளவட்டங்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலே உட்கார்ந்து, சேறு வழிய, மீனை உயர்த்திக் காட்டினார். கரை முழுவதும் கைதட்டியது. பிறகு அவர் தோளிலிருந்து குனிந்து, மெதுவாக, விராலைத் தண்ணீரில் விட்டார். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டு மறைந்தது. "அட என்னண்ணே!" என்று ஊரே அங்கலாய்த்தது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் ஒச்சாயி ஹம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "எங்க கண்மாய்க்கும் வாங்க டீச்சர். எங்க ஊருப் பொம்பளைக நாங்க எறங்குறோம். எங்களுக்கு மேலருந்து வெரட்ட ஒரு ஆளு வேணும்."

"வாரோம்" என்றாள் ஹம்சவேணி. மதுரை மேற்கின் பேச்சு அவள் நாக்கிலும் ஒட்டிவிட்டிருந்தது.

திரும்பும்போது இருவரும் பம்ப்போடு டாட்டா ஏஸின் பின்பக்கம் உட்கார்ந்து வந்தார்கள். முன்சீட்டில் ஏற்ற டிரைவர் சம்மதிக்கவில்லை, அவ்வளவு நாற்றம். காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் துப்பட்டா கட்டிய மனைவியிடம் ஏதோ சொல்லி மூக்கைப் பொத்தினார். வெங்கடரமணன் அவருக்கு வணக்கம் போட்டார். ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அவரும் அடக்கப் பார்த்தார். பழங்காநத்தம் வருவதற்குள் வயிறு வலிக்கச் சிரித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, தெருக்காரர்கள் எல்லோரும் பார்க்க இறங்கினார்கள். மாமியார் முறையில் ஒருத்தி கதவைத் திறந்துவிட்டு உடனே மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் செம்பூரணிக் கண்மாய் நிரம்பியது. தாமரைச்செல்வியின் கூட்டம் முழுவதும் போய்க் கரையைச் சுற்றி நடந்து பார்த்தது. அல்லி மொட்டு விட்டிருந்தது. மடைப் பக்கம் ஓர் ஓரத்தில் மூன்றே மூன்று ஆகாயத்தாமரைச் செடி, குழந்தை மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மிதந்தன. எந்த வலையில் தப்பி வந்தனவோ. வெங்கடரமணன் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்வதற்கு முன்னால் தண்ணீரில் இறங்கி மூன்றையும் வேரோடு தூக்கிக் கரையில் வீசினார். பிறகு ஏறிவர மனமில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார்.

"பேயாண்டியண்ணே, அடுத்த மீன்பிடித் திருவிழா எப்பண்ணே?"

"இப்பத்தான தண்ணியே வந்திருக்கு" என்றார் பேயாண்டி. "மீன்குஞ்சு இன்னும் கண்ணே முழிக்கலையே!"

"சும்மா கேட்டேன்" என்றார் அவர், தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே.